பல்பு போச்சா, ஹோல்டர் போச்சா? சென்னைக் கடைகளில் கிடைக்கும் பல்பு கேப், ஹோல்டர் வகைகள்: ஒரு மதிப்பீடு

எலெக்ட்ரிக்கல் கடையில் போய் "ஒன்பது வாட்ஸ் எல்இடி ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பின்னா, மரையா?" பக்கத்தில் இரண்டு பின் நீட்டிய பல்பா, திருகி மாட்டும் பல்பா என்பதுதான் கேள்வி. பாதிப் பேர் அங்கேயே முழிப்பார்கள். வீட்டுக்கு போன் போட்டு, யாரையாவது ஸ்டூல் மேல் ஏறிப் பார்க்கச் சொல்லி, "ஏதோ வெள்ளையா இருக்கு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துப் போவார்கள். மாட்டினால் சேராது. சேராதபோது கடைக்காரரே ஒரு சின்ன அடாப்டரை நீட்டுவார். சிக்கல் பெரும்பாலும் அந்த அடாப்டரிலிருந்துதான் ஆரம்பம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சென்னையில் சாதாரண அறை விளக்குக்குப் பின் பல்பே போதும், அதுவே நல்லது. அலங்கார விளக்கு, மேஜை விளக்கு, கனமான பெரிய வாட்ஸ் பல்பு என்றால் மரை. அடாப்டர் தற்காலிகத்துக்கு மட்டும். பல்புக்குச் செலவு செய்வதில் பாதியையாவது ஹோல்டருக்குச் செய்யுங்கள். புது பல்பு மினுக்குகிறது, சீக்கிரம் போகிறது என்று வரும் புகார்களில் கணிசமானவை பல்பின் குற்றமல்ல, மேலே பத்து இருபது வருடமாகத் தொங்கும் ஹோல்டரின் குற்றம்.

பின் பல்பு

பெட்டியில் பி22 அல்லது பி22டி என்று போட்டிருக்கும். 'பி' என்பது பயோனெட். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகித் திருப்பிப் பூட்டும் முறையிலிருந்து வந்த பெயர். 22 என்பது கேப்பின், அதாவது ஹோல்டருக்குள் போகும் உலோக அடிப்பகுதியின், விட்டம், மில்லிமீட்டரில். கடைசியில் வரும் 'டி', அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு என்பதற்கான குறி. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன பழக்கம் இது. குண்டு பல்பு, சிஎப்எல், இப்போது எல்இடி என்று பல்பு மூன்று தலைமுறை மாறியும் கேப் மாறவில்லை. 2015ல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மலிவு விலைக்குக் கொடுத்த எல்இடி பல்புகளும் இந்தக் கேப்தான். நாடு முழுக்கக் கூரையில் இருந்த ஹோல்டர் இதுதான் என்பதால் வேறு வழியும் இல்லை.

மாட்டும்போது இரண்டு பக்கப் பின்களையும் ஹோல்டரின் பள்ளத்தில் இறக்கி, ஸ்பிரிங்கை எதிர்த்து உள்ளே அழுத்தி, வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, கையை விட வேண்டும். கையை விட்டதும் ஸ்பிரிங்கே பல்பைக் கீழே தள்ளிப் பின்னைக் கொக்கியில் உட்காரவைக்கும். பல்பு லேசாகச் சாய்ந்து தெரிந்தால் ஒரு பின் மட்டும்தான் மாட்டியிருக்கிறது. கழற்றி மறுபடி மாட்டுங்கள்; அப்படியே விட்டால் ஒரு நாள் நடுக்கூடத்தில் விழும்.

இந்த ஸ்பிரிங்தான் பி22 ஹோல்டரின் உயிர். மெயினை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஹோல்டருக்குள் பாருங்கள். அடியில் பித்தளை நிறத்தில் இரண்டு குட்டி முனைகள் தெரியும். காய்ந்த குச்சியின் நுனியால் ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால், அல்லது சோம்பலாக எழும்பினால், அந்த ஹோல்டரின் ஆயுள் முடிந்தது. முனை கருத்து, நடுவில் சின்னக் குழி விழுந்திருந்தால் அங்கே பொறி பறந்துகொண்டிருந்தது என்று பொருள். அதே ஹோல்டரிலிருந்து கழற்றிய பல்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு ஈயப் பொட்டுகளில் ஒன்றில் அதே கறுப்புக் குழி இருக்கும். ஜோடி சேர்ந்தே கெடும்.

காரணம் பழையது. அறுபது, நூறு வாட்ஸ் குண்டு பல்பு தலைகீழாகத் தொங்கியபோது அதன் சூடு முழுவதும் மேலே ஏறி ஹோல்டரில்தான் தங்கியது. வருடக்கணக்கில் வெந்த ஸ்பிரிங் இறுக்கத்தை இழந்துவிட்டது. பேக்கலைட் உடம்பும் பிஸ்கட் மாதிரி நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. குண்டு பல்பில் ஒரு நொடி தொடர்பு விட்டாலும் இழையின் சூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். எல்இடியில் அது மினுக்கலாகத் தெரியும்; விட்டு விட்டு வரும் மின்சாரம், உள்ளே எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் என்ற சின்னச் சர்க்யூட்டையும் கெடுக்கும். ஆகவே பழி எல்இடி மேல்.

சோதிப்பது எளிது. மினுக்கும் பல்பை வேறு அறையில் மாட்டுங்கள். அங்கே ஒழுங்காக எரிந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். அங்கேயும் தாளம் தப்பாமல் அணைந்து அணைந்து எரிந்தால் பல்பின் டிரைவர் போய்விட்டது. 'கிர்ர்' என்று சத்தம் வந்தால் பல்பை ஆராய வேண்டாம், ஹோல்டர்தான். அன்றைக்கே மாற்ற வேண்டிய ஹோல்டர்.

கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. திருவொற்றியூர், காசிமேடு, பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் பால்கனி, மாடிப்படி ஹோல்டர்களில் உப்புக்காற்று பட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அலுமினிய கேப் போட்ட பல்பில் வெள்ளைப் பொடி பூக்கும். களிம்பு தடித்தால் பல்பு ஹோல்டரோடு ஒட்டிக்கொள்ளும். பலமாகத் திருப்பினால் பல்பின் பிளாஸ்டிக் உடம்பு மட்டும் கையோடு வரும், கேப் உள்ளேயே நிற்கும். அப்போது மெயினை அணைத்து, மூக்குக் குறடால் கேப்பின் ஓரத்தைப் பிடித்து, முதலில் உள்பக்கம் அழுத்தி, பிறகு இடப்பக்கம் திருப்ப வேண்டும். அழுத்தாமல் திருப்பினால் வரவே வராது. இத்தனை பாடுபட்டு எடுத்த பிறகு அந்த ஹோல்டரை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

எந்த ஹோல்டர் வாங்குவது

மூன்று உருவங்கள் உண்டு. கூரையிலோ சுவரிலோ நேராக உட்காரும் பேட்டன் ஹோல்டர். சுவரிலிருந்து சாய்வாக நீளும் ஆங்கிள் ஹோல்டர். ஒயரில் தொங்கும் பெண்டன்ட் ஹோல்டர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் வட்ட மரக்கட்டை மேல் பேட்டன் ஹோல்டர் அறைந்திருக்கும். அங்கே புது ஹோல்டர் வாங்குமுன் கட்டை உளுத்திருக்கிறதா என்று திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஸ்குரூ பிடிக்காத கட்டையில் எவ்வளவு நல்ல ஹோல்டர் போட்டும் பயனில்லை.

கடையில் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, அந்த இரண்டு முனைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்க்க வேண்டும். இரண்டு, ஒயர் பிடிக்கும் டெர்மினல் பித்தளையா, முலாம் பூசிய இரும்பா? பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் தெரிந்துவிடும். பித்தளையில் ஒட்டாது. இரும்பு சென்னைக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது. மூன்று, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1258 என்ற எண்ணும். பயோனெட் ஹோல்டருக்கான இந்தியத் தர எண் அது. மரை ஹோல்டர் என்றால் ஐஎஸ் 10276. முத்திரை உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் ஒரு டீ, ஒரு வடை அளவுதான். இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

ஆங்கிள் ஹோல்டரைப் பற்றி எங்கள் கருத்து அவ்வளவு நல்லதல்ல. ஒன்பது, பன்னிரண்டு வாட்ஸ் வரை சரி. இருபது வாட்ஸுக்கு மேலான எல்இடி பல்புகள் நீளமும் கனமும் கூடியவை. சாய்வில் மாட்டும்போது கனம் முழுவதும் ஒரே பின் மேல், ஒரே பக்க ரிங் மேல் விழும். வாட்டர் மோட்டார் ஷெட், கார் பார்க்கிங், மொட்டை மாடி என்று பெரிய பல்பு போடுகிற இடங்களில்தான் ஆங்கிள் ஹோல்டரும் இருக்கிறது என்பது கொடுமை. அங்கே நேராகத் தொங்கும் ஹோல்டருக்கு மாறுங்கள், அல்லது ஹோல்டரே வேண்டாத எல்இடி பேட்டன் (பட்டியோடு சேர்ந்தே வரும் டியூப் விளக்கு), பிளட் லைட் பக்கம் போங்கள்.

பித்தளை உடம்பு கொண்ட பழங்கால ஹோல்டர் பார்க்க அழகு. எர்த் இல்லாமல் மாட்டியிருந்தால் ஷோகேஸில் வையுங்கள்.

மாற்றுவது அரை மணி வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது. எம்சிபியை (மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான சுவிட்ச்) இறக்கி, டெஸ்டரால் இரண்டு ஒயரையும் தொட்டுப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒயர் முனை கருத்திருந்தால் அந்த அளவு வெட்டி, எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் தோல் சீவி, இழைகளை முறுக்கி, பாதியாக மடித்து டெர்மினலில் செருகி இறுக்குங்கள். ஒரு இழை கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இறுக்கியதும் ஒயரைச் சுண்டி இழுத்துப் பாருங்கள். தொங்கும் ஹோல்டராக இருந்தால் மூடிக்குள் ஒரு முடிச்சு போட வேண்டும். பல்பின் கனத்தை முடிச்சு தாங்க வேண்டும், டெர்மினல் ஸ்குரூ அல்ல. டெஸ்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் ஹோல்டரை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

மரை பல்பு

இ27. 'இ' என்பது எடிசன். 27 வெளி மரையின் விட்டம். அளவுகோல் தேட வேண்டாம்: நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டமும் 27 மில்லிமீட்டர்தான். நாணயத்தை மரையின் வாய் மேல் வைத்தால் கச்சிதமாக மூடும். நாணயத்தில் பாதி அகலம்தான் இருக்கிறது என்றால் அது இ14, மெழுகுவத்தி வடிவ பல்புகளில் வருவது. தொங்கு விளக்குக் கொத்துகளிலும், பல பிரிட்ஜ்களுக்குள்ளும் அதுதான். நாணயத்தைத் தாண்டி ஒன்றரை மடங்கு அகலமாக இருந்தால் இ40. கல்யாண மண்டபம், கிடங்கு, பெரிய பார்க்கிங்குக்கான கேப், வீட்டுக்கு வேண்டியதில்லை.

ஆன்லைனில் வாங்கும் மேஜை விளக்கு, சுவர் விளக்கு, நின்ற விளக்குகளில் பெரும்பாலும் இ27. பிடிப்பு உறுதி, கனத்தைச் சுற்றிலும் மரை தாங்கும், ஸ்பிரிங் தளரும் பேச்சே இல்லை. ஆனால் பி22ல் இல்லாத இரண்டு குறைகள் இதில் உண்டு.

முதல் குறை ஒயரிங் சம்பந்தப்பட்டது. பி22ல் இரண்டு தொடுமுனைகளும் உள்ளே ஒளிந்திருக்கும். இ27ல் நடு நாக்கு ஒரு முனை, சுற்றியுள்ள உலோக மரை முழுக்க இன்னொரு முனை. ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) நடு நாக்குக்கும், நியூட்ரல் (திரும்பிப் போகும் ஒயர்) மரைக்கும் வர வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் பல்பு ஒழுங்காகத்தான் எரியும், யாருக்கும் தெரியாது. பல்பைத் திருகும்போது விரல் மரையில் பட்டால்தான் தெரியும். புது வீட்டுக்கு விளக்கு மாட்டும் அவசரத்தில் அதிகம் நடக்கிற தப்பு இது. மாட்டி முடித்ததும், பல்பைப் போடாமல், சுவிட்சைப் போட்டு டெஸ்டரால் பக்க மரையைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். டெஸ்டர் எரிந்தால் ஒயரை மாற்றச் சொல்லுங்கள். மூன்று பின் இல்லாத மேஜை விளக்குகளில் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே ஃபேஸ் இடம் மாறிவிடும் என்பதால், அவற்றில் பல்பு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுவது ஒன்றுதான் வழி.

இரண்டாவது, நடு நாக்கு. பல்பை மூச்சைப் பிடித்து இறுக்கினால் நாக்கு நசுங்கிப் படுத்துவிடும். அடுத்த பல்பின் அடி அதைத் தொடாது. "பல்பும் நல்லா இருக்கு, கரண்டும் வருது, எரியல" என்றால் முதலில் இதைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி அல்லது மெயினை அணைத்து, மரக்குச்சியால் நாக்கை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நெம்பிவிட்டால் சரியாகும். முட்டியதும் நிறுத்துங்கள், மரை பல்புக்கு அதற்கு மேல் இறுக்கம் தேவையில்லை. அதே சமயம் ரயில் தண்டவாளம், பஸ் போகும் சாலை ஓரம் அதிர்வில் மரை பல்பு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மினுக்க ஆரம்பித்தால் அணைத்து, ஆறவிட்டு, கால் சுற்று திருகிப் பாருங்கள். பூட்டிக்கொள்ளும் பி22க்கு இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே இ26, நம் இ27 பல்பு அதில் அநேகமாகத் திருகிக்கொள்ளும். அவர்கள் கூடவே அனுப்பும் 120 வோல்ட் பல்பும் நம் ஹோல்டரில் அழகாகத் திருகிக்கொள்ளும், 230 வோல்ட்டில் சுவிட்சைத் தட்டிய கையோடு போய்விடும். விளக்கை வைத்துக்கொண்டு பல்பை இங்கே வாங்குங்கள்.

அடாப்டர்

பின்னிலிருந்து மரைக்கு, மரையிலிருந்து பின்னுக்கு, பெரிய மரையிலிருந்து சின்ன மரைக்கு, ஒன்றிலிருந்து இரண்டாகப் பிரிப்பது என்று பட்டாணிக் கடை மாதிரி குவிந்து கிடக்கிறது. மலிவு. ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் பல்பை மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே இறக்கும், தொடுமுனைகளை இரண்டு மடங்காக்கும். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் பல்பின் தலை கண்ணாடியில் முட்டும். காற்றோட்டம் நின்று டிரைவரில் உள்ள கெபாசிட்டர் சீக்கிரம் காயும். தொங்கும் ஹோல்டரில் ஒன்று பொறுத்துக்கொள்ளலாம். ஆங்கிள் ஹோல்டரில் வேண்டவே வேண்டாம்: ஏற்கெனவே சாய்வு, அதன் மேல் நீளம். வாடகை வீட்டில் ஹோல்டரை மாற்ற முடியாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை.

பல்பு ஹோல்டரில் செருகி பிளக் பாயின்ட் எடுக்கும் அடாப்டர் தனி ரகம். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் சீரியல் செட் எரிய விடலாம், போன் சார்ஜ் போடலாம். அதோடு சரி. தண்ணீர் காய்ச்சும் 1500 வாட்ஸ் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். லைட்டுக்கென்று ஓடும் மெல்லிய ஒயரும், அந்தக் குட்டி ஸ்பிரிங் முனைகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதைவிட முக்கியம், அதில் எர்த் கிடையாது. வாளித் தண்ணீர், ராடு, எர்த் இல்லாத இணைப்பு: மூன்றும் சேரக் கூடாது. இந்த அடாப்டருக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை.

பால்ஸ் சீலிங் ஸ்பாட் லைட்

ஓஎம்ஆர் பக்கப் புது அடுக்குமாடிகளில் பால்ஸ் சீலிங்கில் குட்டி ஸ்பாட் லைட்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்று போனால் கழற்றி அடியைப் பாருங்கள். பின்களின் நுனியில் குமிழ் மாதிரி தடிப்பு இருந்து, பின்களுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது ஜியு10. திருப்பிப் பூட்டுவது, நேரடி 230 வோல்ட். ஊசி போன்ற இரண்டு மெல்லிய பின், இடைவெளி ஐந்தேகால் மில்லிமீட்டர் போல் இருந்தால் ஜியு5.3, எம்ஆர்16 என்று கேட்டால் கடையில் தருவார்கள். அது பெரும்பாலும் 12 வோல்ட். முகம் இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

12 வோல்ட் வகையில் ஒரு நுணுக்கம். பழைய ஹாலஜனுக்காகப் போட்ட எலெக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் மேலே ஒளிந்திருக்கும். அதன் முதுகில் '20–60 வாட்ஸ்' போன்ற எழுத்து இருக்கும்: குறைந்தது இருபது வாட்ஸ் சுமை இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். அதில் ஐந்து வாட்ஸ் எல்இடி போட்டால் சுமை போதாமல் மினுக்கும், சில சமயம் எரியவே எரியாது. மூன்று பல்பு மாற்றிப் பார்த்துவிட்டு மூன்று கம்பெனியையும் திட்டுவதற்குள் மேலே எட்டிப் பாருங்கள். எல்இடி டிரைவராக மாற்றுங்கள், அல்லது டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு ஜியு10 செராமிக் ஹோல்டர் போட்டு 230 வோல்ட்டுக்கே வந்துவிடுங்கள். வீட்டுக்கு இரண்டாவது வழியே நிம்மதி.

சிம்னி, பிரிட்ஜ், ஓவன் விளக்குகளுக்கு ஒரே பதில்: பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓவனுக்குள் மட்டும் எல்இடி ஆகாது. ஓவனுக்கென்று சூடு தாங்கும் பல்பாகத்தான் கேட்க வேண்டும்.

டியூப் லைட்

டியூப்பின் இரண்டு முனையிலும் இருக்கும் இரட்டைப் பின் ஜி13, அதாவது பின்களுக்கு நடுவே 13 மில்லிமீட்டர். நான்கு அடி எல்இடி டியூப் பழைய பட்டியில் அப்படியே உட்காரும் என்பதால் பலர் சோக்கோடு சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். பெட்டியில் உள்ள ஒயரிங் படத்தைப் பாருங்கள். சில டியூப்புக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் வர வேண்டும். சிலவற்றுக்கு ஒரு முனைக்கு ஒன்று. இரண்டிலும் பொதுவான நடைமுறை ஸ்டார்ட்டரையும் சோக்கையும் எடுத்துவிட்டு நேரடியாக இணைப்பது. இரண்டு முனை வகையில் ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் கையில் இருக்கும்போது அந்தப் பின்னில் கரண்ட் வர வாய்ப்புண்டு. சுவிட்சை நம்பாமல் எம்சிபியை இறக்கிவிட்டு மாட்டுங்கள். பட்டியே துருப்பிடித்திருந்தால் டியூப் வாங்குவதில் அர்த்தமில்லை. முழு எல்இடி பேட்டனே வாங்கிவிடலாம்.

அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறதா

கேப் சரி, ஹோல்டர் சரி, ஆனாலும் இரவில் சுவிட்சை அணைத்த பிறகு எல்இடி மின்மினி மாதிரி மங்கலாக ஒளிரும். பேயும் இல்லை, பில்லும் ஏறாது. சிவப்பு இண்டிகேட்டர் வைத்த சுவிட்ச் ஒரு காரணம். அந்தக் குட்டி விளக்கு வழியாகக் கசியும் மின்சாரமே எல்இடியைத் தொட்டு எழுப்பப் போதும். இன்னொரு காரணம்தான் கவலைக்குரியது: சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பது. அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது, பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஆபத்து. பழைய வீடுகளில் ஒயரிங்கை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இப்படி ஆகியிருக்கும். இதற்கு வேறு பல்பு வாங்குவது மருந்தல்ல. சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒயரைச் சரிசெய்ய வேண்டும்.

இன்வெர்டர் பல்பு

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பார்த்த ஊர் என்பதால் மழைக்காலம் வந்தால் பேட்டரி உள்ளே வைத்த எமர்ஜென்சி பல்பு சென்னையில் நன்றாக விற்கும். பெரும்பாலும் பி22. கரண்ட் போனதும் தானே எரியும், சுவிட்சை அணைத்தால் அணையும். சுவிட்ச் போட்டிருக்கும்போது வீட்டின் மற்ற சாதனங்கள் வழியாகச் சுற்று மூடியிருப்பதை உணர்ந்துதான் அது வேலை செய்கிறது. ஆகவே வெள்ளம் வருகிறதென்று மெயினை இறக்கிவிட்டால் சில பல்புகள் எரியாமல் சாதிக்கும். கழற்றி, காய்ந்த விரலால் அடியின் இரண்டு பொட்டுகளையும் சேர்த்துத் தொட்டால் கையிலேயே எரியும்; பல பெட்டிகளோடு ஹோல்டர் போன்ற ஒரு மூடியும் வரும், அதில் மாட்டினாலும் எரியும், அந்த மூடியைத் தொலைக்காதீர்கள். இரண்டு பல்பு போதும்: ஒன்று சமையலறைக்கு, ஒன்று படிக்கட்டுக்கு. வெள்ளத்தில் முழுகிய ஹோல்டர், வெயிலில் எவ்வளவு காயவைத்தாலும், குப்பைக்குத்தான்.

பெட்டியும் கடையும்

வாட்ஸைப் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். பழைய அறுபது வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்துக்கு ஒன்பது வாட்ஸ் எல்இடி தாராளம். ஐஎஸ் 16102 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின் சிக்கனத்தைக் காட்டும் பிஇஇ நட்சத்திர முத்திரையும் பெட்டியில் இருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியில் இருப்பவர்கள் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தாங்கும் திறன்) எத்தனை கிலோவோல்ட் என்றும் பாருங்கள். இரண்டரையைவிட நான்கு மேல். மூடிய கூண்டுக்குள் போடப் போகிறீர்கள் என்றால் ஒரு படி குறைந்த வாட்ஸே எடுங்கள், சூடு குறையும்.

சாதாரண பி22, இ27க்குத் தெருமுனைக் கடையே போதும். மாற்றித் தருவதும் அங்கேதான் எளிது. ஹோல்டர் ஒரே தடவையில் பத்துப் பதினைந்து மாற்றப் போகிறவர்கள் பாரிமுனை மொத்தக் கடைகளுக்குப் போகலாம். உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் பார்க்கிங் தலைவலி இல்லை. விசித்திரக் கேப், ஸ்பாட் லைட் டிரைவர், செராமிக் ஹோல்டர் தேடுகிறவர்களுக்கு ரிச்சி தெரு. ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். எங்கே வாங்கினாலும் கவுண்டரில் இருக்கும் டெஸ்ட் போர்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல்பைக் கையில் லேசாகக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் ஆடக் கூடாது.

வாரன்டி கேட்கப் போகும்போது பில் வெள்ளைத் தாளாக மாறியிருக்கும், தெர்மல் பேப்பரின் குணம் அப்படி. வாங்கிய அன்றே பில்லைப் படமெடுத்துவிட்டு, மார்க்கரால் பல்பின் கழுத்தில் மாதமும் வருடமும் எழுதி மாட்டுங்கள். புது ஹோல்டர் போட்ட தேதியையும் அதன் ரிங் ஓரத்தில் எழுதிவைத்தால் அடுத்த முறை எது முதலில் போனது என்று ஸ்டூல் மேல் நின்றபடியே தெரிந்துவிடும்.